பெரியவர்களை மதிக்கும் நிரல்

உலகம் எத்தனையோ கணினி நிரல்களைக் கண்டிருக்கிறது. ஆனால் பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கத் தெரிந்த நிரல் ஒன்றே ஒன்றுதான். அது பிறந்தது ஓர் அலுவலகத்தின் பயிற்சி அறையில்.

'எல்லோருக்கும் கணினி' என்ற மாபெரும் இயக்கத்தின் முதல் பாடம் எளிமையானது. விடுப்பு கேட்பவரிடம் நிரல் சில கேள்விகள் கேட்கும். பதிலைப் பார்த்து 'அனுமதி' அல்லது 'பரிசீலனையில்' என்று சொல்லும். மேலாளர், துணை மேலாளர், கண்காணிப்பாளர் மூவரும் கூடி அதை எழுதி முடித்தார்கள். சோதிக்க நிஜ விண்ணப்பம் ஒன்று வேண்டும் என்றார் பயிற்சியாளர்.

தபால் பிரிவு அக்காவிடம் சுடச்சுட ஒன்று இருந்தது. அன்று மதியம் அவள் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. உள்ளே கொண்டுபோகும் முன் ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டால் போதும் அவளுக்கு. காலையிலிருந்து மேலாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சி முடியட்டும், பார்க்கலாம் என்று அவரும் பெருந்தன்மையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா தட்டினாள். 'பரிசீலனையில்.' மறுபடி தட்டினாள். 'பரிசீலனையில்.' உயிர்ப் பிரச்சினை என்று சொல்லும் கட்டமே வரவில்லை. அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

பயிற்சியாளர் நிரலைப் படித்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முதல் நிபந்தனை: மேலாளர் இருக்கையில் இருந்தால், பரிசீலனையில். அடுத்து, துணை மேலாளர் இருந்தால், பரிசீலனையில். அதன்கீழ் கண்காணிப்பாளர். எல்லோர் காலடியிலும், கடைசி வரியாக: உயிருக்கு ஆபத்து என்றால், அனுமதி.

"மேலேருந்துதான் சார் படிக்கும். முதல் வரியிலயே நின்னுடுது. அந்தக் கடைசி வரியைத் தூக்கி மேல வைங்க, சரியாயிடும்."

மேலாளர் மெதுவாகக் கேட்டார். "மேலன்னா, எனக்கு மேலயா?"

விவகாரம் கொள்கைப் பிரச்சினை ஆகிவிட்டது. உயிருக்கு என்ன பதவி, எந்த வருஷம் பணியில் சேர்ந்தது என்று துணை மேலாளர் விசாரித்தார். வேண்டுமானால் தன் வரிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடலாம் என்று கண்காணிப்பாளர் இறங்கி வந்தார். ஆழ்ந்து ஆராய்வதற்காக மூவரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

அக்கா மறுபடி தட்டினாள். மேலாளர் இருக்கையில் இருக்கிறாரா? இல்லை. துணை மேலாளர்? இல்லை. கண்காணிப்பாளர்? இல்லை. உயிருக்கு ஆபத்தா? ஆம்.

'அனுமதி.'

"கிளம்புங்கக்கா," என்றார் பயிற்சியாளர். "அவங்க வந்தா இது மனசு மாறிடும்."

அக்கா பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

திரும்பி வந்த மூவரும் அதிர்ந்துபோனார்கள். தாங்கள் இல்லாதபோது ஒரு காரியம் நடந்துவிட்டது. இதைவிட மோசமான பிழை வேறென்ன? உடனே உயிர் வரிக்கு மேலே புது வரி சேர்த்தார்கள்: யாருமே இருக்கையில் இல்லாவிட்டால், வரும்வரை பரிசீலனையில். கைதட்டலுக்கிடையே நிரல் 'குறையற்றது' என்று அறிவிக்கப்பட்டது.

மருத்துவமனையில் அறுவை அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே போகும்வரை அவள் கணவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னாள். அவர் பிழைக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த மேலாளர் அவள் எதிரில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே அனுப்பியிருப்பேனேம்மா."

அக்காவுக்கு அந்த நிரலின் அருமை அப்போதுதான் விளங்கியது. எத்தனை தடவை கேட்டாலும் அது 'பரிசீலனையில்' என்றுதான் சொன்னது. ஆனால், நீ கேட்கவே இல்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.