பாதி மாத்திரைக்கு ஒரு யுத்தம்

"உங்க நார்மன் மறுபடியும் மாவு மேலயே தலையை வெச்சுத் தூங்கிட்டாரும்மா! இன்னொரு தடவை கண்ணை மூடினா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்!" என்று கத்திவிட்டு ரொட்டிக்கடை முதலாளி போனை வைத்தார்.

ஜனைனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் மனநல நர்ஸாக வீடு வீடாய் அலைந்து பாதி ஆயுள் போனவள், இப்போது மருந்து எழுதிக் கொடுக்கப் படிக்கிறாள். படிப்பு முடியும்வரை என்ன மருந்து, எவ்வளவு என்று அவள் சொல்லலாம், கையெழுத்து டாக்டருடையது. அப்படி மருந்து சொல்ல அவளுக்கு வாய்த்த முதல் நோயாளிதான் நார்மன். இந்த வயதில் ரொட்டிக்கடை வேலையும் போனால் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

"ராத்திரி மாத்திரை அவருக்கு அதிகம், டாக்டர். பாதியாக் குறைச்சிடலாம். பகல் பூரா தூங்கி வழியறார்."

டாக்டர் பெம்பர்டன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்ல யோசனைதான். ஆனா நாம ஒரு குழு இல்லையா? எதுக்கும் மருந்தாளுநரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

குழுவாம், குழு! கெட்டிலில் தண்ணீர் வைக்கக்கூட யாருக்கும் கை வராத குழு.

மருந்தாளுநர் கேலம் உதட்டைப் பிதுக்கினான். "ரத்தப் பரிசோதனை பண்ணாம நான் வாயே திறக்க மாட்டேன்."

சரி என்று நார்மனை அனுப்பினாள். மனுஷன் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிட்டதுகூடத் தெரியாமல் மதியம்வரை அங்கேயே குறட்டை விட்டார். ரத்தமும் கொடுக்கவில்லை, வேலைக்கும் போகவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன்!" என்றார் முதலாளி.

ஜனைன் நார்மனின் குடும்ப டாக்டரைப் பிடித்தாள்.

"உங்க ஆளுங்க ஆரம்பிச்ச மருந்தும்மா அது. நான் கை வைக்க மாட்டேன்" என்ற அந்தப் புண்ணியவான், சும்மா இருக்காமல் பெம்பர்டனுக்கும் போன் போட்டு வத்தி வைத்துவிட்டார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பெம்பர்டன் ஆரம்பித்தார். "என்னைத் தாண்டி வெளியே போயிருக்கீங்க, ஜனைன்."

"தாண்டிப் போனேனா? நீங்க எங்க நின்னீங்க, நான் தாண்டறதுக்கு?" ஜனைன் எழுந்துவிட்டாள். "அவரைக் கேளு, இவரைக் கேளுன்னு ஆளாளுக்கு என்னைப் பந்தா உதைச்சு விளையாடறீங்க. அங்க ஒரு மனுஷன் பொழப்புல மண்ணு விழப்போகுது! அவர் மூஞ்சியை உங்கள்ல யாராவது பாத்திருக்கீங்களா? நான் வாராவாரம் அவர் வீட்ல உக்காந்து பேசறேன். எனக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரிஞ்சிடும்?"

கேலம் டீயில் தோய்த்த பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள்ளேயே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவனுக்குத் துணிவில்லை.

பெம்பர்டன் விருட்டென்று கையெழுத்துப் போட்டார். "எழுதியாச்சு. முடிவு உங்களது, பொறுப்பும் உங்களது."

"தாராளமா!"

காரின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு நேரே நார்மன் வீட்டுக்குப் போனாள். கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு சந்தோஷமும் கிளம்பியிருந்தது. தான் சொல்லி எழுதப்பட்ட முதல் மருந்து!

நார்மனின் மனைவி பெரில் கதவைத் திறந்தாள். உள்ளே சோபாவில் நார்மன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சிட்டோம், பெரில்! அத்தனை பேரோடவும் சண்டை போட்டு வாங்கிட்டேன். இன்னையிலேர்ந்து பாதி மாத்திரைதான். இனிமே பாருங்க, பகல்ல கொட்டாவிகூட விட மாட்டார்!"

பெரிலின் முகம் சிவந்தது. ஜனைனின் கையைப் பிடித்து, கணவரைத் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவ்வளவு மல்லுக்கட்டியிருக்கே, எப்படிச் சொல்றதுன்னே தெரியல கண்ணு... ஈஸ்டர்லேர்ந்து அவர் ஒரு மாத்திரைகூட முழுங்கல, போட்டீங்களான்னு நீ கேக்கறப்பல்லாம் உன் மனசு நோகுமேன்னு தலையை மட்டும் ஆட்டிட்டு, ராத்திரி பூரா தூக்கம் வராம சமையலறைக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டிருக்கார்!"