எல்லாருக்கும் நூத்திருபதுக்கு எண்பது

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையும் நானும் உயிரோடு இருக்கிறோம். சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை, நேற்று அதுவே சந்தேகமாக இருந்தது. அங்கே எல்லோரும் நலம்தானே?

பக்கத்துத் தெருவிலேயே ஆஸ்பத்திரி, வயதான காலத்துக்கு வசதி என்று சொல்லி இந்த வீட்டை எங்கள் தலையில் கட்டியவர் நீங்கள். அந்த வசதியைக் கேளுங்கள். இவளுக்கு இருமல் விடவில்லை என்று போனோம். முன்னால் இருந்தவர் வாயிலிருந்து எடுத்த தெர்மாமீட்டரை நர்ஸ் தன் கோட்டில் துடைத்து இவளிடம் நீட்ட, இவள் வாயை இறுக மூடிக்கொள்ள, 'காய்ச்சல் இல்லை' என்று எழுதிக்கொண்டாள். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே டாக்டரின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரோ தலை நிமிராமல் ஊசி எழுதினார். பென்சிலின்! அது இவளுக்கு ஆகவே ஆகாது, முன்பொரு தடவை முகம் வீங்கி, மூச்சடைத்து, பிழைத்ததே பெரும்பாடு என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொன்னோம். நர்ஸ் ஊசியும் கையுமாக யோசித்தாள்.

"அப்ப பாதி போட்டுடட்டுமா?"

"பாதி போட இது என்ன காபியாம்மா?" என்று கத்திவிட்டேன். டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். "பெரியவருக்குப் பிரஷர் ஏறிடுச்சு, பாரும்மா." நர்ஸ் என் கையில் பிரஷர் பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள். முள் அசையவில்லை.

"ஏம்மா, நான் செத்துட்டேனா?"

"இல்ல சார், அது ரொம்ப நாளா எல்லாருக்கும் அப்படித்தான்."

"அப்ப சீட்டுல என்னதான் எழுதுறே?"

"நூத்திருபதுக்கு எண்பது. பாவம், ஜனங்கள எதுக்குப் பயமுறுத்தணும்?"

இதை நம்பி எதிர்வீட்டுத் தையல்காரர் பிரஷர் மாத்திரையையே நிறுத்திவிட்டாராம், மைத்துனரே! இவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பாதி ஊசி ஏறியிருந்தால் இது வேறு மாதிரிக் கடிதமாக இருந்திருக்கும். இன்று காலை சுகாதார அதிகாரிக்குப் புகார் அனுப்பிவிட்டேன். அந்த இடத்துக்குப் பூட்டு விழாமல் ஓயமாட்டேன்.

உங்கள் வீட்டில் ஒரு தும்மல்கூட எட்டிப்பார்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: இதைத் தபாலில் போட நாலு நாள் தள்ளிவிட்டது, அதற்குள் பூட்டு விழுந்துவிட்டது. அடுத்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். "உங்க ரோஷத்துக்கு நான் பஸ்ஸுல நின்னுக்கிட்டு இருமணுமா?" என்று கேட்டதோடு சரி, உங்கள் தங்கை என்னிடம் பேசுவதில்லை. மறுபடி திறக்கச் சொல்லித் தெருவே சேர்ந்து மனு கொடுக்கிறது. எனக்கு நன்றாக எழுத வருமென்று என்னையே எழுதச் சொன்னார்கள். 'தன்னலமற்ற சேவை' மூன்று இடத்தில் வருகிறது. மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டு உடனே திருப்பி அனுப்பவும்.