தவிட்டுப் பலகையும் பச்சைச் சேலையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலகை உடையவில்லை. அந்த நாளைப் பற்றி எங்கள் குப்பத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். யார் சொல்லும் கதையிலும் பலகை உடைந்ததாக இருக்காது. என் மானம் இன்றுவரை அந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே எங்கள் மீனவக் குப்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்ததோடு நிற்காமல் வேதியியலில் பட்டமும் வாங்கிவிட்டேன். (அம்மாவின் தலையில் மீன்கூடை இருந்தது. என் தலையில் அதைவிடக் கனமான ஒன்று ஏறிவிட்டது.)

எழுபத்து நாலில், செங்கல்பட்டில் ஒரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போனேன். கண்ணாடி நாரையும் ரெசின் என்ற பிசினையும் சேர்த்துத் தொட்டியும் தகடும் வார்க்கிற இடம். பெட்ரோல் விலையோடு ரெசின் விலையும் ஏறியிருந்ததால் முதலாளி கவலையில் இருந்தார்.

"உமியைக் கலந்தா ரெசின் மிச்சமாகும், பலமும் வரும்னு சொல்றாங்க. ஒரு பலகை வார்த்துக் கொண்டா. தாங்கிச்சுன்னா வேலை உனக்கு. இல்லேன்னா மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வரார்."

"ஒரு வாரம் போதும் சார்" என்றேன். (உமியை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. நாங்கள் அரிசியாக வாங்குகிறவர்கள்.)

திருக்கழுக்குன்றத்து ரைஸ் மில்லில் இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று சொரசொரப்பாக, மஞ்சளாக. மற்றது பழுப்பு மாவு போல நைஸாக. எது உமி என்று கேட்க ஒரு பட்டதாரி வாயைத் திறப்பாளா? நைஸானதைக் கை காட்டினேன்.

"மாட்டுக்கா கண்ணு?" என்றாள், சாக்கு தைத்துக்கொண்டிருந்த அக்கா.

"ஆராய்ச்சிக்கு."

"பேரு நல்லாகீது. எத்தினி படி கறக்குது?"

அவள் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள். கழிவுக்கு எதற்குக் காசு என்று அப்போதாவது உறைத்திருக்கலாம்.

செங்கல்பட்டு மார்க்கெட்டில் அம்மா உட்கார்ந்து விற்கும் மணை, மீன்தண்ணீர் பட்டு வருடத்துக்கு ஒன்று அழுகிப்போகும். அதனால் பலகையை அந்த மணை அளவிலேயே வார்த்தேன். நான்கு நாளாகியும் தொட்டால் விரல் ஒட்டியது. கடற்காற்றுதான் காரணம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கொடுக்கவேண்டிய நாளன்று காலையில், முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்துப் பலகை முழுக்கப் பூசினேன். வழவழவென்று ஆகிவிட்டது. விஞ்ஞானம்!

தன்னிடமிருந்த ஒரே நல்ல சேலையை, அந்தப் பச்சைச் சேலையை, கட்டிக்கொண்டு அம்மாவும் வந்தாள்.

முதலாளி பலகையை முகர்ந்தார். "என்னம்மா, கல்யாண வீட்டு வாசனை அடிக்குது?" இரண்டு செங்கல்மேல் அதை வைத்துவிட்டு, எடைக்கல் கொண்டுவரச் சொன்னார்.

"கல்லு இன்னாத்துக்கு நைனா? நான் குந்திக்கினு கீறேன். நீ எம் பொண்ணாண்ட கேக்கறதக் கேளு" என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா லேசான ஆள் இல்லை. பலகை அசையவில்லை. மேலே தகரக் கூரை, பங்குனி வெயில். அரை மணி நேரம் அவர் கேள்வி கேட்டார், நான் கர்வமாகப் பதில் சொன்னேன்.

"எழுந்திரும்மா. வேலை உன் பொண்ணுக்குத்தான்."

அம்மா எழுந்தாள். பலகையும் எழுந்தது.

செங்கல் இரண்டு மட்டும் தரையில் கிடந்தன. நான் பலகையைப் பிடித்து இழுத்தேன், அம்மா முன்னால் நடந்து பார்த்தாள். (பலகைக்கு அம்மாவைப் பிடித்துவிட்டது.) முதலாளி அடிப்பக்கத்தைச் சுரண்டி விரலில் தேய்த்தார்.

"ஏம்மா, இது உமியே இல்ல, தவிடு! இவ்வளவு எண்ணெய்ப்பசையை வெச்சுக்கிட்டு ரெசின் எப்படி இறுகும்? மாட்டுத் தீனியில பலகை செஞ்சிருக்கே!"

பட்டறையே சிரித்தது. "வேலையைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கண்ணில் நீர் முட்டியது. அம்மா வெடுக்கென்று திரும்பினாள். பலகை பட்டு இரண்டு பேர் விலகினார்கள்.

"இன்னா நைனா சிரிக்கிற? ஒட்டிக்கிச்சி, ஒத்துக்கறேன். ஒடஞ்சிச்சா? எம்மாம் வெயிட்டு நானு! ஒடஞ்சிச்சான்னு கேக்கறேன், சொல்லு!"

முதலாளி பலகையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "உடையலதான்" என்றார்.

எனக்கும் குரல் வந்துவிட்டது. "தவிடே இவ்வளவு தாங்குதுன்னா உமி எவ்வளவு தாங்கும் சார்? இன்னும் ஒரு வாரம் கொடுங்க."

கொடுத்தார். கூடவே கத்தரிக்கோலும் கொடுத்தார்.

பச்சைச் சேலையில் ஒரு பெரிய சதுரம் பலகையோடு போயிற்று. கூடை மூடும் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு அம்மா பஸ் ஏறினாள். திருக்கழுக்குன்றம் வந்ததும், "அந்த மில்லாண்ட எறங்குடி. இந்த வாட்டி நான் கேக்கறேன்" என்றாள்.

சாக்கு தைக்கும் அக்கா உமியைச் சும்மாவே அள்ளிக் கொடுத்தாள். "ஆராய்ச்சி நல்லாத் துன்னுதா?" என்று விசாரிக்கவும் செய்தாள்.

உமியைக் காயவைத்து வார்த்த பலகை கல்லாக இறுகியது. அம்மா இன்றும் அதில் உட்கார்ந்துதான் மீன் விற்கிறாள். (உட்காருமுன் உள்ளங்கையை ஒருமுறை வைத்துப் பார்ப்பாள். நான் கண்டுகொள்வதில்லை.) பச்சைத் துணியோடு தவிட்டுப் பலகை, பட்டறையில் என் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து, எழுந்து போக மனமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தால், அண்ணன் மெதுவாகக் கேட்பான்: "இன்னாமே, இவுங்க குந்திக்கினு கீறது நீ செஞ்ச பலகையா?"

நானும் அம்மாவும் ஒரே குரலில் கேட்போம்: "ஒடஞ்சிச்சா?"