ஸ்கேனருக்கு வைத்த சந்தனப் பொட்டு

இயந்திரம் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் லேத் மெஷினோடு குடித்தனம் நடத்தியவன் நான். (மனைவி கோமதியோடு நடத்தியது மிச்ச நேரத்தில்தான்.)

ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஆவணக் காப்பகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அதன் பொறுப்பாளர் வசந்தி மேடம் இரண்டு மாதம் என்னைத் தூசி தட்ட மட்டும்தான் விட்டார். பிறகு உறையூரிலிருந்து ராஜலட்சுமி அம்மா, தன் தாத்தா எழுதிய கடிதக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இதை நல்லபடியா ஸ்கேன் பண்ணித் திருப்பிக் குடுங்க. அப்புறம் வீட்ல இருக்கிற டிரங்குப் பெட்டியைத் தரலாமான்னு பார்க்கிறேன்" என்றார்.

அந்தப் பெட்டிக்காக மேடம் மூன்று வருஷமாக அவர் வீட்டுக்கு நடையாய் நடந்திருந்தார். ஸ்கேன் வேலையை நம்பி என்னிடம் கொடுத்தார். நான் தொடங்குவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

பூட்டு, ஸ்டேப்ளர், ஃபேன் சுவிட்ச் என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஸ்கேனர் பாக்கி. எங்கள் தொழிற்சாலையில் மெஷினுக்கு, வேலை நடக்கும் இடத்தில்தான் பொட்டு வைப்போம். ஸ்கேனருக்கு வேலை மூடியிலா நடக்கிறது? மூடியைத் திறந்து, கண்ணாடியின் மூலையில் வைத்தேன். குங்குமம் காகிதத்தில் ஒட்டிவிடுமே என்று சந்தனம் மட்டும். (என்ன ஜாக்கிரதை பாருங்கள்!)

விடுமுறை முடிந்து வந்தபோது பொட்டு நன்றாகக் காய்ந்திருந்தது. பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்க மனசு வரவில்லை. ஓரத்தில்தானே இருக்கிறது என்று கட்டு முழுவதையும் ஸ்கேன் செய்து, மேடம் சொன்னபடி சென்னையில் ஓர் ஆய்வாளருக்கு அனுப்பியும் வைத்தேன்.

ராஜலட்சுமி அம்மா கட்டைத் திரும்ப வாங்க வந்த அன்று பார்த்து ஆய்வாளர் போன் செய்தார். மேடம் பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், இது பெரிய விஷயம்! எல்லாப் பக்கத்துலயும் ஒரே இடத்துல மஞ்சளா ஒரு வட்டம். யாரோ பிரிச்சுப் படிச்சுட்டு முத்திரை குத்தியிருக்காங்க. எழுதினவரை அரசாங்கம் ரகசியமா கண்காணிச்சிருக்கு!"

ராஜலட்சுமி அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "எங்க தாத்தாவையா? அவரு மாட்டுக்கு வயித்துப்போக்குன்னுதானே எழுதியிருக்காரு?"

"அது சங்கேத மொழியா இருக்கலாம்மா!"

பேசாமல் இருந்தால் தாத்தாவுக்குச் சிலையே வைத்துவிடுவார்கள். பேசினால் பெட்டி போச்சு.

"சார்... அது நான் வெச்ச பொட்டு" என்றேன்.

மேடம் ஸ்கேனர் மூடியைத் திறந்தார். மூலையில் சந்தனம் மங்களகரமாக இருந்தது. அவமானத்தில் என்னால் நிமிரவே முடியவில்லை.

ராஜலட்சுமி அம்மா ஒவ்வொரு கடிதமாகப் புரட்டிப் பார்த்தார். எதிலும் கறை இல்லை என்று தெரிந்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பெட்டியைத் தரேன் வசந்தி. எங்க தாத்தாவை இவ்ளோ மரியாதையா யாருமே நடத்தினதில்லை. ஆனா இந்த சார் கையில மட்டும் குடுத்துடாதீங்க."

பெட்டி வந்தது. நான் மறுபடி தூசி தட்டப் போனேன். இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று காப்பகத்தில் முதல் பொட்டு என் நெற்றிக்குத்தான். அடுத்த நிமிஷம் சந்தனக் கிண்ணத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வீட்டில் நான் புதுச் சட்டையில் சாம்பாரைச் சிந்தினால் கோமதி துடைக்கத் துணி தருவதில்லை.

"இருங்க, அரசாங்க முத்திரையான்னு சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிறேன்" என்கிறாள்.