டத்தோவின் வெள்ளிக்கிழமை

இந்த வெள்ளிக்கிழமையும் டத்தோ மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

டத்தோ ஒரு லோஹான் மீன். இரண்டு மூன்று இனங்களைக் கலந்து உண்டாக்கிய சாதி. நெற்றியில் கொய்யாக்காய் அளவுக்கு ஒரு மேடு. அதனால்தான் பெரிய மனிதர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அந்தப் பட்டம். விரல் நீளத்தில் வாங்கி வந்து மூன்று வருடமாக வளர்க்கிறார் ஜெயபாலன். அடுக்குமாடிக் கொண்டோ வாசலில் பன்னிரண்டு மணி நேரம் ஜாகாவாகக் காவல் நின்றுவிட்டுப் புந்தோங் வீட்டுக்குள் நுழையும்போது, அவரைக் கண்டு ஓடிவரும் ஒரே ஜீவன் அதுதான்.

ஒரு மாதமாகப் புதிர். வியாழன்வரை கண்ணாடியை முட்டி விளையாடும். வெள்ளி மாலை நிறம் வெளுக்கும். மேலே வந்து வாயைப் பிளக்கும். பிறகு மூலைதான். சனிக்கிழமை தண்ணீர் மாற்றினால் திங்களுக்குள் தேறிவிடும்.

“கண்ணு பட்டுருக்கு,” என்றாள் மனைவி புனிதா. “வர்றவன் போறவன் எல்லாம் அந்த மண்டையத்தான பாக்குறான்.”

“மீனுக்கு ஏது கண்ணு?”

“அப்ப நீங்களே சரி பண்ணுங்க லா. அடுத்த வெள்ளியும் படுத்துச்சுன்னா தர்மாவ வந்து தூக்கிட்டுப் போகச் சொல்லிருவேன். ஒரு உசுரு இப்படித் துடிக்கிறத என்னால பாக்க முடியாது.”

தர்மா புனிதாவின் தம்பி. கோப்பெங்கில் ஏர்கோன் பழுது பார்க்கிறான். அவன் மீன் வளர்க்கிற ஆள் இல்லை, மசாலா தடவுகிற ஆள்.

ஜெயபாலன் சோர்ந்துபோய் யோசித்தார். வாயைப் பிளக்கிறது என்றால் காற்றுப் போதவில்லை. மறுநாளே பெரிய பம்ப் ஒன்று வாங்கி வந்தார்.

“எப்படி வேல செய்யுது தெரியுமா? உள்ள ஒரு ரப்பர் தோலு துடிக்கும். காத்த உறிஞ்சிக் குழாயில தள்ளும். அது குமிழா தண்ணிக்குள்ள போகும்.”

“சரி, இதையும் ஏன் சாமி மேடையிலயே வைக்கிறீங்க?”

“பம்பு தண்ணிக்கு மேல இருக்கணும், புனிதா. போன மாசம் கரண்டு போனப்ப தண்ணி குழாய் வழியா திரும்பி வந்து ஹாலே நனஞ்சுச்சே, மறந்துட்டியா? அதுக்கப்புறந்தான பழைய பம்ப இங்க மேல தூக்கி வச்சேன்.”

புனிதா முருகன் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயபாலன் லீவு போட்டார். வெளியே ஜெரெபு. சுமத்ராக் காட்டுத்தீயின் புகைமூட்டத்தில் எதிர்வீடே மங்கலாகத் தெரிந்தது.

“இந்தக் காத்து டத்தோவுக்கு ஆகாது,” என்று ஜன்னல்களையெல்லாம் சாத்தினார்.

புனிதாவும் சும்மா இருக்கவில்லை. தொட்டிக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள், எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தாள், வழக்கத்தைவிட இரண்டு பங்கு சாம்பிராணி போட்டு சாமியைக் கும்பிட்டாள்.

“கண்ணு எரியுதுங்க.”

“ஜெரெபு அப்படித்தான் இருக்கும்.”

அரை மணி நேரத்தில் டத்தோ ஒருக்களித்து மிதந்தது. ஜெயபாலன் பம்பை முழு வேகத்துக்குத் திருப்பினார். குமிழ்கள் கொதித்தன. டத்தோவின் செவுள் ஒரு தரம் விரிந்து, நெடுநேரம் கழித்து மறு தரம் விரிந்தது. அவர் கண்ணாடியில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

“தர்மாவுக்குப் போன் போடு,” என்றார். “அவனாவது காப்பாத்தட்டும்.”

தர்மா வாளியோடு வந்தான். வாசலிலேயே இருமினான். முதல் வேலையாக ஜன்னல்களைத் திறந்தான்.

“டேய், ஜெரெபு!”

“வெளியே பரவாயில்ல மச்சான்.”

மீனைப் பார்த்தான். தொட்டியிலிருந்து மேலே போகும் குழாயை விரலால் தடவிக்கொண்டே சாமி மேடைவரை போனான். பம்பைத் தூக்கினான். அடியில் காற்று உறிஞ்சும் இடத்திலிருந்த பஞ்சைப் பிடுங்கி எடுத்தான். புதுப் பஞ்சு, அதற்குள் கறுத்துப் போயிருந்தது. மோந்து பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான்.

“இவனுக்கு நோவும் இல்ல, கண்ணும் இல்ல. வெள்ளிக்கு வெள்ளி அக்கா போடுற சாம்பிராணிய நீங்கதான் பம்பு வச்சு தண்ணிக்குள்ள ஊதி விட்டுருக்கீங்க; இந்தாங்க வாளி, தண்ணிய மாத்திட்டு, பம்ப உங்க ரூம்புக்குள்ள உயர மாட்டுங்க.”