ராணி வேஷத்துக்கு வந்த புள்ளிமான்

ஒரு காட்டில் மழை ஓய்ந்ததும் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் புதுமுகங்களும் நடிகர் தேர்வுக்கு வரலாம் என்று ஆலமரத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதைப் படித்த வடிவாம்பாள் என்கிற புள்ளிமானுக்கு இரண்டு நாள் புல் இறங்கவில்லை.

அவள் கூட்டத்தில் நாற்பது மான்கள். நாற்பதுக்கும் ஒரே புள்ளி, ஒரே முழி. கட்டிய புருஷனே இரண்டு தடவை வேறொரு மானிடம் போய், "சாப்பிட்டாச்சா வடிவு?" என்று கேட்டிருக்கிறான். ஒரு சாயங்காலமாவது எல்லாரும் தன்னை மட்டும் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

தேர்வன்று வரிசை ஓடைவரை நீண்டது. அவளுக்கு டோக்கன் இருபத்தேழு. ஒரு படிவமும் கொடுத்தார்கள். அதில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம். வெகுநேரம் யோசித்து, "செத்த மாதிரி கிடந்திருக்கிறேன், இரண்டு முறை" என்று நிரப்பினாள்.

இயக்குநர் மாசிலாமணி ஒரு நாரை. படிவத்தைப் படித்துக் கழுத்தை இன்னும் ஒரு சாண் நீட்டினார்.

"இந்தாம்மா, ராஜா போர்ல செத்துட்டார். நீ ராணி. அழு, பார்ப்போம்."

குட்டைத் தண்ணீரில் முகம் பார்த்துப் பழகிய அழுகை அந்த நேரம் வரமாட்டேன் என்றது. "ஐயோ மன்னா" என்றாள் வடிவாம்பாள், மணி என்ன என்று கேட்கிற குரலில்.

"அடுத்த ஆள்!" என்றார் நாரை.

அப்போது நாடகம் நடத்தும் சபாவின் தலைவர் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தலைவர் ராசாங்கம் ஒரு புலி.

வடிவாம்பாளின் நாலு காலும் நாலு பக்கம் ஆடின. கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. "ஐயோ... மன்னா!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியது பாருங்கள், கிளையிலிருந்த குரங்குகள் வாயில் போட்ட பழத்தை மெல்ல மறந்தன. புலியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராணி வேஷம் அவளுக்கே கிடைத்தது.

ஒத்திகையில்தான் சிக்கல். புலி தினமும் வந்து பாராட்டினார். மூன்றாம் நாள் உருகிப்போய், "தாயி, உன்னை மாதிரி கலைஞியை நான் தொடுவேனா? இது சத்தியம்" என்றார். அன்றோடு அவளுக்குப் பயம் போயிற்று. பயத்தோடு அழுகையும் போயிற்று.

நாரை இறக்கையை உதறினார். "நாளைக்கும் இப்படியே நின்னா வேஷம் கிளிக்கு. நீ திரை இழுக்கப் போ!"

வடிவாம்பாள் நேரே புலியிடம் போனாள். "ஐயா, ஒரு உதவி. என்னைக் கொஞ்சம் முறைச்சுப் பாருங்க."

முறைத்தார். பாசம்தான் வழிந்தது.

"சரிப்படலைங்க ஐயா."

"நான் என்ன தாயி பண்ணுவேன்? வயிறு நிறைஞ்சிருந்தா எனக்கு முறைப்பு வராதே."

"அப்போ... நாடகம் முடியிற வரைக்கும் சாப்பிடாம இருப்பீங்களா?"

புலி தன் வயிற்றை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். பிறகு, "கலைக்காக" என்றார்.

ஐந்து நாள் பட்டினி. நாடகத்தன்று விலா எலும்பு தெரிய, நாக்கு தொங்க, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். வடிவாம்பாள் அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தாள். அது போதுமாயிருந்தது. காடே அழுதது. முப்பத்தொன்பது மான்களும் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தின. நடுங்கிக்கொண்டே அவள் சிரித்தாள். பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

புலி மட்டும் நாற்காலியை நகத்தால் இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொடுத்த வாக்கு அல்லவா!

கைதட்டல் நிற்கவில்லை. அது தனக்குத்தான் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. மானை ஓரமாகத் தள்ளிவிட்டு மேடை விளிம்புக்கு வந்தார். நீளக் கழுத்தை முன்வரிசைவரை வளைத்து வணங்கினார்.

புலி வாக்குக் கொடுத்திருந்தது மானுக்கு. நாரையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

சத்தம் அடங்கியபோது மேடையில் இரண்டு இறகுகள் கிடந்தன. முடிவு ரொம்பப் புதுமை என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

நீதி: அடுத்தவர் வாங்கிய கைதட்டலுக்குக் கழுத்தை நீட்டுமுன், முன்வரிசையில் இருப்பவர் சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்று விசாரித்துக்கொள்ளவும்.