தானாகவே தெரிந்துகொள்ளும்

“என்னய்யா இது, பள்ளிவாசல் போர்டுல இருக்க எழுத்து மாதிரியில்ல இருக்கு?” என்று ரெங்கம்மா போனை அண்ணன் மகனிடம் நீட்டினாள்.

விஜேந்திரனின் முகம் விழுந்துவிட்டது. பதுளையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் அவன். பெரகலைக்குக் கீழே, அத்தை இருக்கும் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளுக்கு மேலே மலை வெடிப்பு விட்டிருந்தது. மீரியபெத்தையில் லயமே மண்ணுக்குள் போன பிறகு அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க முடியுமா? மண்சரிவு எச்சரிக்கைக்கு ஒரு செயலி செய்து, லயத்துப் போன்களில் எல்லாம் போட்டுவிட்டான்.

மொழி, நிறம், எழுத்தின் அளவு எதையும் அது யாரிடமும் கேட்காது. போனைப் பார்த்துத் தானாகவே முடிவு செய்யும். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் போனை அனுப்பியவள் குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அத்தை மகள் துஷாந்தினி. பச்சைப் பட்டனை அமுக்கத் தெரிந்தால் போதும் என்று அத்தை அதன் அரபியை மாற்றவே இல்லை.

“என்கிட்ட கேட்டிருந்தா தமிழ்னு சொல்லியிருப்பேனே.”

“கேக்கக் கூடாது அத்தை. அதுவே கண்டுபிடிக்கணும்.”

இருக்கும் இடத்தைப் பார்த்து மொழியை எடுக்க வைத்தான். சிங்களம் வந்தது. எரிச்சலில் தமிழைத் தானே போட்டுவிட்டு, நிறத்தையாவது வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கட்டும் என்று விட்டான். லயத்து அறையில் பகலிலும் இருட்டு. திரை கறுத்து, எழுத்தும் மங்கிப்போனது. எழுத்தைப் பெரிதாக்கினான். ‘மண்சரிவு அபாயம், வெளியேறுங்கள்’ என்பதில் ‘மண்’ மட்டும் திரையில் நின்றது.

பக்கத்து வீட்டு அழகர் எட்டிப் பார்த்தார். “மண்ணா? காணி தரப் போறாங்களா தம்பி?”

கடைசியில் எழுத்தையே தூக்கிவிட்டான். திரை முழுக்கச் சிவப்பு, கூடவே ஃபெக்டரிச் சங்கு மாதிரி ஒரு சத்தம். சோதித்தபோது லயமே அலறியது. அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

மறுநாள் மத்தியானம் வானம் இருண்டு மழை கொட்டியது. மேல் ரோட்டில் நின்று மலையைப் பார்த்தான். வெடிப்பிலிருந்து தண்ணீர் சேறாக வந்துகொண்டிருந்தது. எச்சரிக்கையை அனுப்பினான். கீழே சத்தமே இல்லை. திரும்ப அனுப்பினான். பிறகு விழுந்தடித்து ஓடி, கதவு கதவாகத் தட்டி, எல்லாரையும் மேட்டுக் கோயிலுக்கு ஏற்றினான்.

திரும்பிப் பார்த்தபோது அத்தையின் வீடு இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“ஒரு போன் கூடவா அடிக்கல?” என்றான் விஜேந்திரன், மூச்சு வாங்க.

அழகர் நனைந்த தலையைத் துடைத்தார். “கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி. மழை இருட்டுனாலே, இடிக்குப் பயந்து லயத்துல எல்லாரும் போனை நிப்பாட்டி வச்சிருவோம்.”